இடது கைக்காரிக்கு வீட்டில் செய்த ஏர் ரைபிள் ஸ்டாக்

என் மகள் இடது கைக்காரி. காலேஜில் சேர்ந்த பிறகு 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட ஆரம்பித்தாள். பழகுவதற்கென்று வாங்கிக் கொடுத்த ஸ்பிரிங் ரைபிள், கடையில் கிடைக்கும் மற்ற எல்லாவற்றையும் போல வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. கன்னம் வைக்கும் மேடு ஸ்டாக்கின், அதாவது தோளில் சாய்த்துப் பிடிக்கும் மரப் பாகத்தின், இடது பக்கம் இருக்கும். இவள் கன்னம் படுவதோ வலது பக்கம். குறி கண்ணுக்கு வருவதற்காகக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, பயிற்சி முடிந்தால் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். ஆள்தான் துப்பாக்கிக்கு ஏற்ப வளைய வேண்டும் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஃபிட்டராகவே காலம் தள்ளியவன் நான். சரி, ஸ்டாக்கை நாமே செய்துவிடலாம் என்று தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் பட்டறையைப் போட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குத் துப்பாக்கி செய்வதில் பைத்தியம். அங்கே வீட்டுப் பட்டறையிலேயே வைல்ட்கேட் காலிபரில் வேட்டைத் துப்பாக்கி செய்கிறார்கள். கம்பெனித் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ தங்களுக்கென ஒரு புது ரகம் உண்டாக்குவார்கள். 25-06 என்பதுகூட 30-06 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிப் பிறந்த வைல்ட்கேட்தான். 1969ல்தான் ரெமிங்டன் அதைக் கம்பெனித் தோட்டாவாக விற்க ஆரம்பித்தது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் நம் ஊரில் அந்தப் பக்கமே போகக் கூடாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையை 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2016ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் தேவையில்லை. அதனால் குழல், ஸ்பிரிங், டிரிகர் எதையும் நான் தொடவில்லை. அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை வீட்டில் பிரிப்பது எப்படியும் ஆபத்து. மரம் மட்டும்தான் என் வேலை.

வெளிநாட்டில் ஸ்டாக்குக்கு வால்நட் மரம் எடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டை இடித்தபோது வந்த பர்மா தேக்கு உத்திரம். தலைமுறைக் கணக்கில் காய்ந்த மரம், கடற்கரை ஈரத்திலும் இனி முறுக்கிக்கொள்ளாது. ஆனால் இடிப்பு மரத்தில் ஆணி இருக்கும். புளியந்தோப்பில் மர அறுவை மில்காரர், ஆணி எல்லாம் எடுக்காமல் ரம்பத்துக்கு ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம், ஒரு ஆணி போதும் ரம்பம் போய்விடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி உத்திரத்தின் மேல் மெதுவாக ஓட்டினேன். உள்ளே இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் சாய்ந்து ஒட்டும். தலை உடைந்து உள்ளேயே நின்ற ஆணிகளைக்கூட அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், அந்தக் கறை போகாது. கறை படாத பகுதியாகப் பார்த்து அறுக்கச் சொன்னேன்.

எந்தப் பக்கமாக அறுப்பது என்பதைக் காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி ஒருவர்தான் சொல்லிக் கொடுத்தார். பிடி இருக்கும் இடம்தான் ஸ்டாக்கில் மெலிந்த இடம். "நாரு இங்க குறுக்கால வந்துச்சுன்னா பொட்டுனு ஒடிஞ்சிரும்ணே, நாரு பிடியோட நீட்டுக்கு ஓடணும்" என்று சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினார். படகின் வளைவுகளைச் செதுக்கிப் பழகிய கை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்தக் கோடுதான்.

அளவு எடுப்பது எளிது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, ஸ்டாக்கின் அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் டிரிகரில் இயல்பாக விழ வேண்டும். இவளுக்கு 12¾ அங்குலம் வந்தது. கம்பெனி ஸ்டாக் அதைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளம். கன்னமேட்டின் உயரத்தை இப்படிப் பார்த்தோம்: குண்டு போடாத ரைபிளை, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொல்வேன். கண்ணைத் திறந்ததும் முன் குறியும் பின் குறியும் நேராகத் தெரிந்தால் சரி. இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் அரம். "அப்பா, இப்ப கழுத்து சும்மா இருக்கு" என்று அவள் சொல்லும் வரை இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பொறுமை வேண்டிய இடம், இரும்புப் பாகம் உட்காரும் பள்ளம். இரும்போடு இரும்பு சேர்ப்பதற்கு ஃபிட்டர்கள் நாங்கள் எங்கே இடிக்கிறது என்று காட்டும் நீல மையை (ப்ளூ) போட்டுப் பார்ப்போம். அது மரத்தில் ஊறிவிடும் என்பதால் மகளின் கண்மையை வாங்கி இரும்பில் மெலிதாகத் தடவினேன். மரத்தில் அழுத்தி எடுத்தால் இடிக்கும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி அழுத்த வேண்டும். புள்ளிகள் முதலில் இரண்டு மூலையில் மட்டும் விழும். போகப் போகப் பள்ளம் முழுக்கப் பரவும். அப்போதுதான் இரும்பு ஆடாமல் உட்காரும். ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் முன்னாலும் உதைக்கும், துளி ஆட்டம் இருந்தாலும் குண்டு போகிற இடம் மாறும்.

டிரிகர் கார்டு (டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையம்) திருகு மரத்தை நசுக்காமல் இருக்க, அதன் ஓட்டையில் பித்தளைக் குழாய்த் துண்டு வைத்து ஆரால்டைட் ஊற்றினேன். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அசிட்டோன் போட்டுத் துடைக்காவிட்டால் ஆரால்டைட் பிடிக்காது. திருகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஷூ பாலிஷ் தடவினேன். குழாய், அரம், உப்புத்தாள் எல்லாம் லிங்கிச் செட்டித் தெருவிலேயே கிடைத்துவிட்டன.

கடைசியாக லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய். மெலிதாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்து, அப்புறம் தண்ணீரில் நனைத்துத்தான் குப்பையில் போட வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சுற்றிலும் வீடுகள், பிள்ளைகள் நடமாடும் இடம். பூட்டிய பையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு எடுத்துப் போய்த்தான் பார்த்தோம். 10 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மி.மீ. பொட்டுதான். அது உடனே மாட்டிவிடவில்லை. ஆனால் சிதறிக் கிடந்த ஓட்டைகள் ஒரே பக்கமாக நெருங்கி வந்தன, ரைபிளின் குறியை நகர்த்தினால் சரியாகிவிடும் அளவுக்கு. பயிற்சி முடிந்தபோது அவள் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. முன்பக்கத் திருகுகள் மட்டும் உதையில் தளர்கின்றன. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் அவளே திருகுளி எடுத்து இறுக்கிக்கொள்கிறாள்.