நடுவர் கைக்குப் பழகாத சேவல்

முந்தாநாள் கோழிக் கண்காட்சியின் முடிவு வந்தது. என் பிர்ச்சன் நிற (கறுப்பும் வெள்ளியும் கலந்த) மாடர்ன் கேம் பேண்டம் சேவலுக்கு அதன் நிறப் பிரிவில் முதலிடம். நீண்ட காலும் கழுத்தும் கொண்ட குட்டிக் கோழி இனம் அது. வீட்டுக்கு வந்து கூண்டை இறக்கி வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் இதன் அண்ணன் சேவல் அதே பிரிவில் கடைசிக்கு ஒன்று முன்னால் நின்றது. அந்த வலி நினைவில் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும். இந்த வருடம் முதல்முறையாகப் பறவையை ஷோவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு உதவும்.

அண்ணன் சேவலில் குறை ஒன்றும் இல்லை. எடை, இனத்துக்கு இனம் அளவும் நிறமும் வரையறுக்கிற அமெரிக்கத் தரநூல் சொல்கிறபடியே. கழுத்தில் வெள்ளி, நெஞ்சில் கறுப்பும் மெல்லிய வெள்ளி ஓரமும், கருஞ்சிவப்பு முகம், கறுத்த கால். ஏழு மாதம் தீவனத்தையும் இறகையுமே கவனித்தேன். ஷோ கூண்டை அது பார்த்தது முதல் நாள் ராத்திரிதான்.

காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர் வந்தார். கையில் மெல்லிய குச்சி. கம்பிக்குள் குச்சியை நீட்டியதும் என் சேவல் மூலைக்குப் போய்ப் பம்மியது. கழுத்து உள்ளே போய்விட்டது, நீண்ட கால் மடங்கிவிட்டது. கையில் எடுத்தபோது படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று அவர்மேல் எனக்குக் கோபம். இப்போது இல்லை. அவர் கண்முன் நின்றதைத்தானே அவர் மதிப்பிட முடியும்?

இங்கிலாந்தில் 1835இல் சேவல் சண்டையைத் தடை செய்த பிறகு, வளர்ப்பவர்கள் பலர் கண்காட்சிப் பக்கம் திரும்பினார்கள். சண்டைச் சேவலின் காலையும் கழுத்தையும் தலைமுறை தலைமுறையாக நீட்டி எடுத்த இனம்தான் மாடர்ன் கேம். நிமிர்ந்து நிற்பதற்கென்றே உருவாக்கிய பறவை அது. அது பம்மினால் அதனிடம் பார்க்க வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

அதனால் இந்த முறை மற்ற எல்லாவற்றையும் இரண்டாம் பட்சமாக்கி, கூண்டுப் பழக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். ஆறு வாரம் முன்பே ஷோவில் இருக்கிற அளவிலேயே ஒரு கூண்டை மேசைமேல், என் நெஞ்சு உயரத்தில் வைத்தேன். கூண்டு தரையில் இருந்தால் ஆள் மேலிருந்து குனிகிறான். கோழிக்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்துதான். காலை பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். முதல் வாரம் தொடவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வாரம் கூண்டின் மேல்கம்பி வழியாகப் புழு கொடுத்தேன். அதை எட்டுவதற்கு அது கழுத்தை நீட்டி விரல்நுனியில் நிற்கும். குச்சியைப் பார்த்தாலே நிமிர்கிற வரைக்கும், புழுவோடு குச்சியையும் காட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கையில் எடுப்பது. தலை முன்னால் வருமாறு வெளியே எடுங்கள், தலை முன்னால் போகுமாறு உள்ளே விடுங்கள். இல்லாவிட்டால் இறகு கம்பியில் மாட்டும். உள்ளங்கை நெஞ்செலும்புக்கு அடியில், கால்கள் விரல்களுக்கு நடுவில். இறக்கையை விரித்து, காலைப் பார்த்து, மெதுவாக இறக்கி விடுங்கள். இறங்கியதும் ஒரு புழு.

என் கை மட்டும் போதாது என்பதுதான் போன வருடம் எனக்குப் புரியாமல் போனது. சேவல் என்னிடம் அப்போதும் பயப்படவில்லை, அந்நியரிடம்தான் பயந்தது. இந்த முறை என் தம்பி, அவன் மனைவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் பழைய வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, சேவலைக் கையில் எடுக்கச் சொன்னேன். நான்காம் வாரத்தில் யார் கை நீட்டினாலும் அது அசையவில்லை. முந்தாநாள் நடுவர் குச்சியை நீட்டியபோது புழு வருமென்று நினைத்து நெடுநெடுவென்று நிமிர்ந்ததே, அந்த நொடியை மறக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: நாள் முழுக்கக் கூண்டிலேயே வைக்காதீர்கள். பறவை சோர்ந்து, கண்ணில் இருக்கிற துடிப்பு போய்விடும். பாக்கி நேரம் புல்லில் ஓடட்டும். எனக்கு மெதுவாக, தினமும் ஒரே மாதிரி செய்கிற சுபாவம், அதனால் இந்த வழி ஒத்து வந்தது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஓல்ட் இங்கிலீஷ் கேம் பேண்டம் என்கிற இன்னொரு குட்டிச் சண்டைக்கோழி இனத்தில் தொடங்கலாம். நான் பார்த்தவரை அது கூண்டில் தானாகவே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.

மற்றவை, சுருக்கமாக:

- ஷோவுக்கு ஏழெட்டு மாதம் முன்பு பொரித்த குஞ்சு வேண்டும். பேண்டம் முட்டை 21 நாளுக்கு ஓரிரு நாள் முன்பே பொரிக்கும், அடைகாக்கும் எந்திரத்தைக் கவனியுங்கள்.
- மாரெக்ஸ் (கோழியின் காலை முடக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி, குஞ்சு பொரித்த முதல் நாளே.
- பின்விரலைக் குஞ்சிலேயே பாருங்கள். அது நேராகப் பின்னால் தரையில் படிய வேண்டும். பக்கவாட்டிலோ முன்னாலோ திரும்பினால் அதை வாத்துக்கால் என்பார்கள். கேம் இனத்தில் அதற்கு மன்னிப்பே கிடையாது. அந்தப் பறவையை இனப்பெருக்கத்துக்கும் வைக்காதீர்கள்.
- இளஞ்சேவல்களை மூன்று மாதத்துக்கு மேல் ஒன்றாக விடாதீர்கள். ஒரு சண்டை போதும், இறகும் முகமும் போய்விடும்.
- ஒடிந்த வால் இறகு அடுத்த உதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும். எட்டு வாரம் முன்பே அடியோடு எடுத்தால் புதிதாக முளைக்கும். ஆனால் நிறம் தவறிய இறகைப் பிடுங்கி மறைப்பது ஏமாற்று.
- பேன், செள்ளு மருந்தை இரண்டு முறை, பத்து நாள் இடைவெளியில். முதல் முறையில் முட்டைகள் சாகாது. ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள்.
- கால் செதில் தூக்கிக்கொண்டிருந்தால் அது செதில் செள்ளு. கடைசி வாரத்தில் சரியாகாது, முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.
- மக்காச்சோளத்தைக் குறையுங்கள். கொழுப்பு ஏறும், வெள்ளை இறகில் மஞ்சள் தட்டும். கோதுமை நல்லது.
- குளியல் நான்கு நாள் முன்பு, வெதுவெதுப்பான நீரில், இறகு போகிற திசையில். முந்தின நாள் குளிப்பாட்டினால் இறகு பொம்மென்று நிற்கும். கேம் பறவைக்கு இறகு உடம்போடு ஒட்டி இறுகி இருக்க வேண்டும். கருநிறப் பறவைக்குக் காலும் முகமும் கழுவினாலே போதும்.
- கால் செதிலுக்கு மென்மையான பல்துலக்கி. கடைசியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு, துடைத்துவிடுங்கள். மினுங்கக் கூடாது.
- கொண்டை, தாடி வெட்டுவது: சில தரநூல்கள் சேவலுக்கு அதைக் கேட்கின்றன, சில நாடுகளின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். நீங்களே கத்தியை எடுக்காதீர்கள், அது பறவைக்கு வலி.

ஷோ முடிந்து வந்ததும் பலர் பறவையை நேராகப் பழைய கூட்டத்தில் விடுகிறார்கள். நூறு கூண்டுகளின் மூச்சுக்கு நடுவே இருந்துவிட்டு வந்த பறவை அது. என் சேவல் இப்போது வீட்டுக்குப் பின்னால் தனியறையில் இருக்கிறது. அதற்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம், தனிச் செருப்பு. எல்லாக் கோழிகளுக்கும் தீனி வைத்த பிறகு கடைசியாகத்தான் அதனிடம் போகிறேன். இன்று இரண்டாம் நாள். 21 நாள் முடிந்த பிறகுதான் பெட்டைகளோடு சேரும்.