ஒப்படைத்ததும், ஏற்றுக்கொண்டதும்

சினிமாவுக்குத் திரைக்கதை எழுத நான் போட்ட முதல் ஒப்பந்தம் நான்கு பக்கம். கையெழுத்துப் போட எனக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் பக்கத்தில் 'எழுத்தாளர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்ற மூன்று பக்கங்களையும் சும்மா புரட்டினேன். தொகை மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்தத் தொகையில் எனக்குக் கடைசிவரை வந்து சேர்ந்தது 10 சதவீதம்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாததுதான் வயிற்றெரிச்சல். எழுதியிருந்தபடி அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டார்கள். கையெழுத்தின்போது 10, முதல் டிராஃப்ட்டைத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டதும் 30, படப்பிடிப்பு தொடங்கியதும் 30, படம் வெளியானதும் மீதி 30. படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. வேலை நகர நகரப் பணம் வரும் என்று எடுத்துக்கொண்டேன். யாருடைய வேலை நகர வேண்டும் என்று யோசிக்கவில்லை.

மூன்று மாதத்தில் முதல் டிராஃப்ட்டைக் கொடுத்தேன். "பிரமாதம் தம்பி. ஒரே ஒரு சின்னக் கரெக்‌ஷன்" என்றார் தயாரிப்பாளர். கதையில் அப்பா 62ஆம் பக்கத்தில் இறந்துபோகிறார். அவர் கொஞ்சம் சீக்கிரம் போகட்டும் என்றார். இரண்டாவது டிராஃப்ட்டில் 30ஆம் பக்கத்திலேயே அவரை அனுப்பிவைத்தேன். நாலாவதில் அப்பா சாகவே வேண்டாம், கோமாவில் இருக்கட்டும் என்று வந்தது. ஆறாவதில் கதை தொடங்கும்போதே அவர் சுவரில் போட்டோவாகத் தொங்கினார். ஒன்பதாவது டிராஃப்ட்டில், முதல் டிராஃப்ட்டில் செத்த அதே இடத்தில், ஏறக்குறைய அதே வசனத்தைச் சொல்லிவிட்டுச் செத்தார். "பாத்தியா, இப்பதான் சரியா உக்காந்திருக்கு" என்றார் தயாரிப்பாளர். அந்த மாதமே, பணம் போட வந்தவர் விலகிக்கொண்டார். படம் நின்றது. ஒன்பது டிராஃப்ட்டில் ஒன்றைக்கூடத் தயாரிப்பாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.

இந்தத் துறையில் இருபது வருடமாக இருக்கும் ஒரு அக்காவிடம் அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். தொகையை அவர் பார்க்கவே இல்லை. பென்சிலை எடுத்து ஒரே ஒரு சொல்லைச் சுழித்தார். ஏற்றுக்கொண்டதும்.

"இது என்னிக்கு?"

"அவருக்குப் பிடிச்சதும், அக்கா."

"பிடிக்கலைன்னா?"

"மாத்திக் கொடுக்கணும்."

"பிடிச்சும் வாயைத் திறக்கலைன்னா?"

எனக்குப் பதில் இல்லை. அதை அடித்துவிட்டு மேலே 'ஒப்படைத்ததும்' என்று எழுதினார். "ஒப்படைக்கிறது உன் கையில. ஏத்துக்கிறது அவர் கையில. உன் காசு யார் கைய பாத்து நிக்கணும், சொல்லு."

அதற்குப் பிறகு நான் பேசிய ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் மல்லுக்கட்டியிருக்கிறேன். தொகையில் விட்டுக்கொடுத்ததுண்டு. இதில் கிடையாது.

தொகை பேசுவதில் நான் இன்றைக்கும் கெட்டிக்காரன் இல்லை. இரண்டாவது படத்துக்கு, "நீங்களே சொல்லுங்க, எவ்வளவு?" என்று கேட்டார்கள். ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த எண்ணைச் சொன்னேன். "சரி" என்று உடனே பதில் வந்தது. ஒரு மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லை. எவ்வளவு குறைத்துக் கேட்டிருக்கிறேன் என்பது அந்த வேகத்தில்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் நான் கேள்வி கேட்கிறேன். ஒன்லைன், அதாவது கதையின் ஒருவரிச் சுருக்கம், இருக்கிறதா, நான்தான் யோசிக்க வேண்டுமா? ட்ரீட்மென்ட், அதாவது வசனம் இல்லாத விரிவான கதை வடிவம், தனியாக வேண்டுமா? வசனமும் நானா? எத்தனை டிராஃப்ட்? இதற்கெல்லாம் பதில் வருவதற்குள் கேட்கிறவருக்கே வேலையின் அளவு புரிந்துவிடும். என் எண்ணும் மனசுக்குள் தானாக ஏறிவிடும்.

கரெக்‌ஷன் விஷயத்தை நான் ஏதோ என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலகம் பூராவும் இதே கதைதான். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான போராட்டமாகத்தான் அது வெளியில் பேசப்பட்டது. முடிவில் வந்த ஒப்பந்தத்தில் அதற்கு விதிகளும் இருந்தன: இயந்திரம் எழுதியதை இலக்கியப் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, அப்படி ஒன்றை எழுத்தாளரிடம் கொடுத்தால் அது இயந்திரம் எழுதியது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். எனக்குக் கண்ணில் பட்டது அதே ஒப்பந்தத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு விதி. ஒரு வரம்புக்குள் சம்பளம் வாங்குகிற திரைக்கதையாளருக்கு முதல் டிராஃப்ட்டோடு, காசு கொடுத்து இரண்டாவது கட்ட வேலையையும் உறுதிசெய்ய வேண்டும். ஒரே ஒரு டிராஃப்ட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதை 'ஒப்படைக்கும்' முன்பே சும்மா நாலு முறை திருத்தி வாங்கிக்கொள்வது அங்கேயும் பழைய வியாதி. படித்தபோது எனக்கு ஒன்பது டிராஃப்ட்டில் செத்துப் பிழைத்த அந்த அப்பா ஞாபகம்தான் வந்தது.

ஆகவே, இப்போது என் பக்கத்திலிருந்து போகும் வரிகள் இப்படி இருக்கும். முதல் டிராஃப்ட், அதற்கு ஒரு திருத்தம், கடைசியில் ஒரு மெருகேற்றல், இவ்வளவுதான் இந்தத் தொகைக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் காசு. ஒப்படைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கருத்தைச் சேர்த்து, ஒரே ஆளிடமிருந்து, எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். 'ஒரே ஆளிடமிருந்து' என்பது பிறகு சேர்த்தது. ஒருமுறை தயாரிப்பாளர், இயக்குநர், தயாரிப்பாளரின் மைத்துனர் மூன்று பேரும் தனித்தனியாகக் கருத்துச் சொன்னார்கள். மைத்துனர் சொன்னதுதான் உருப்படியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

பணத்தைக் குறைத்துக்கொண்டால் லாபத்தில் பங்கு தருகிறோம் என்று ஒரு பேச்சு எப்படியும் வரும். லாபத்தில் என்றால் எந்த லாபத்தில்? 'நிகர லாபம்' என்று எழுதியிருந்தால் நான் மரியாதையாகச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஆர்ட் புக்வால்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர், தன் கதைச் சுருக்கத்திலிருந்துதான் ஒரு படம் எடுத்தார்கள் என்று பாரமவுண்ட் நிறுவனத்தின் மேல் 1988இல் வழக்குப் போட்டார். கதை அவருடையதுதான் என்று 1990இல் தீர்ப்பானது. ஒப்பந்தப்படி அவருக்கு நிகர லாபத்தில் பங்கு. ஆனால் உலகம் முழுக்க வசூலை வாரிக்குவித்த அந்தப் படத்துக்கு நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். விநியோகக் கட்டணம், நிர்வாகச் செலவு, வட்டி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது சைபர். அந்தக் கணக்கு முறையின் சில பகுதிகள் மனசாட்சிக்கு ஒவ்வாதவை என்று நீதிமன்றமே சொன்னது. பேர்பெற்ற எழுத்தாளர், பெரிய வக்கீல்கள், வருடக்கணக்கில் வழக்கு. நம்மால் ஆகிற காரியமா? பங்கு வேண்டும் என்றால் மொத்த வசூலில் கேட்க வேண்டும். அதைத் தர மாட்டார்கள். தராதபோது, குறைத்த பணத்தைத் திருப்பி ஏற்றச் சொல்லலாம். இந்தப் பேச்சினால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

உரிமை விஷயத்தில் நான் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டேன். ஐடியாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் 1994 ஒப்பந்தத்திலேயே இப்படித்தான் இருக்கிறது. கதை சொல்லப் போகிற இடத்தில் மூன்று மணி நேரம் நடித்துக் காட்டிவிட்டு வெறும் கையோடு திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பதறும். இரண்டு பக்கச் சுருக்கமாவது எழுதி, தேதியோடு மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன். அடுத்தது, உரிமை எப்போது கைமாறுகிறது என்பது. கையெழுத்துப் போட்டதுமா, முழுப் பணமும் வந்து சேர்ந்ததுமா? இதுவும் அதே 'ததும்' பிரச்சினைதான். கையில் இருக்கும் கதையை ஒருவர் 12 அல்லது 18 மாதத்துக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கெடு முடிந்தும் எடுக்கவில்லை என்றால் கதை என்னிடம் திரும்ப வர வேண்டும். அந்தத் திரும்ப வருகிற வரி இல்லாவிட்டால் கதை அவர் பீரோவிலேயே கிடந்து மக்க வேண்டியதுதான்.

டைட்டில் கார்டு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், பேசினால் கோபம் வரும். பெயர் எந்த இடத்தில், யார் பெயரோடு, எந்தச் சொல்லோடு வரும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க எழுத்தாளர் சங்க விதியில் இரண்டு பெயருக்கு நடுவே '&' குறி இருந்தால் சேர்ந்து எழுதியவர்கள், 'அண்ட்' என்று எழுத்தில் இருந்தால் தனித்தனியாக எழுதியவர்கள். ஒரு குறிக்கு அவ்வளவு சண்டை நடந்திருக்க வேண்டும்.

வாயால் பேசியதை எழுத்தில் கொண்டுவருவதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கும் வேலை. "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று இருக்கும். அதற்கும் அக்காதான் வழி சொன்னார். போனை வைத்த அரை மணி நேரத்தில் ஒரு மெயில். "சார், இன்று பேசியதை மறந்துவிடாமல் இருக்க எனக்காகக் குறித்துக்கொண்டேன். ஏதாவது தவறாக எழுதியிருந்தால் சொல்லுங்கள்." மறதிக்காரன் நான்தான் என்று வைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த மெயிலுக்கு 'ஓகே' என்று ஒரு சொல் பதில் வந்தால் போதும். இரண்டு தடவை அந்த ஒற்றை 'ஓகே' எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

போன மாதம் அந்த முதல் தயாரிப்பாளர் கூப்பிட்டார். ஏழு வருடம் கழித்து. பணம் போட புதிதாக ஒருவர் கிடைத்திருக்கிறாராம், அந்தக் கதையையே எடுக்கப் போகிறார்களாம். "ஒன்பதாவது டிராஃப்ட் இருக்கு பாரு, அதுல ஒரே ஒரு சின்னக் கரெக்‌ஷன் தம்பி" என்றார். போனைப் பிடித்துக்கொண்டே பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கம், அன்றைக்கு நான் புரட்டிவிட்டுப் போன பக்கம். கையெழுத்திட்ட நாள் முதல் எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே. கதை அவருடையது. 10 சதவீதத்துக்கு.

பேசி முடித்த அரை மணி நேரத்தில் மெயில் போட்டேன். கரெக்‌ஷனுக்குப் புதிய ஒப்பந்தம், தொகையில் பாதி தொடங்கும்போது, மீதிப் பாதி ஒப்படைத்ததும். ஏழு வருடத்துக்கு முந்தைய 30 சதவீதத்தையும் கீழே ஒரு வரியில் குறிப்பிட்டேன். மெயிலைத் திறந்து படித்துவிட்டார் என்று தெரிகிறது. இன்னும் 'ஓகே' வரவில்லை.