சலூன்ல வந்த இன்டர்வெல்

சம்பளம் போட்ட கெழமை, அதுவும் ஞாயித்துக்கெழமை, நம்ம இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனுக்கு முடி வெட்டப் போகக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் போனேன், ஏன்னா அடுத்த நாள் மச்சான் வீட்டுல விசேஷம், "இந்தத் தலையோட எங்கண்ணன் வீட்டு வாசப்படி ஏறிறாதீங்க"ன்னு வீட்ல சொல்லிட்டாங்க. ஆடி மாச மழை வேற. சலூனுக்குள்ள போனா முடி வெட்ட வந்தவங்க நாலு பேரு, மழைக்கு ஒதுங்குனவங்க ஆறு பேரு.

எங்க சலூன்கார அண்ணே கை சுத்தம், வாய்தான் நிக்காது. அதுலயும் மகாராஜா படம் வந்ததுல இருந்து கேக்கவே வேணாம். 2024 ஜூன்ல வந்த படம், விஜய் சேதுபதிக்கு 50வது, எல்லாரும் பாத்து மறந்துட்டாங்க, அண்ணே மட்டும் இன்னும் அதுக்குள்ளயே குடியிருக்காரு. காரணம் சிம்பிள். ஹீரோ சலூன்காரரு. "இவ்வளவு நாளா போலீஸ்காரன், ரவுடி, டாக்டர்னு எல்லாத் தொழிலுக்கும் படம் எடுத்தானுங்க தம்பி, இப்பதான் நம்ம பக்கம் திரும்பிருக்கானுங்க"ன்னு சொல்லிக்கிட்டே என் கழுத்துல துணியக் கட்டுனாரு. ஆனா ஒரு குறை இருக்காம். "நாள் பூரா நின்ன வேலை. ராத்திரி காலு ரெண்டும் கல்லு மாதிரி ஆகிரும். அந்த மனுசன் ஒரு தடவையாச்சும் உக்காந்து கால நீவுனாரா?" எந்த விமர்சனத்துலயும் நான் இப்புடி ஒரு பாயிண்ட்ட கேட்டதில்ல.

அந்தப் படத்துல ஹீரோ ஒரு குப்பைத் தொட்டிய லட்சுமின்னு சொல்லி, அதக் காணோம்னு போலீஸ்ல போய் நிப்பாருல்ல, அதுலருந்து நம்ம கடையில முடி அள்ளிப் போடுற பிளாஸ்டிக் வாளிக்கும் பேரு லட்சுமிதான். அண்ணே கூச்சப்படாம "தம்பி, லட்சுமிய இந்தப் பக்கம் தள்ளு"ம்பாரு, புதுசா வர்றவங்க திரும்பித் திரும்பிப் பாப்பாங்க.

பக்கத்துச் சேர்ல ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருத்தன், தெரியாத்தனமா, படம் இன்னும் பாக்கலன்னு வாயக் குடுத்துட்டான். அண்ணேக்குக் கண்ணு மின்னுது. "பாக்கலயா? சரி சரி, நான் சொல்லல, ஆனா கடைசில அந்தச் செயின் இருக்கு பாரு..." அவ்வளவுதான், மொத்த முடிச்சையும் அவுத்துட்டாரு. பாவம் அந்தத் தம்பிக்குக் காதப் பொத்தவும் வழியில்ல, கை ரெண்டும் துணிக்குள்ள, தாடையில ஷேவிங் சோப்பு, கழுத்துகிட்ட சின்னப் பையன் கையில கத்தி. கண்ண இறுக்கி மூடிக்கிட்டான், கண்ண மூடுனா காது கேக்காதுங்கற மாதிரி.

அண்ணே என் முன்னந்தலைய அழகா கத்தரியில முடிச்சிட்டு, பின்னந்தலைல மெஷின வச்சு ரெண்டு இழுப்பு இழுத்திருப்பாரு, டப்புனு கரண்ட் போச்சு.

இனி என்ன, எங்கயும் போக ஏலாது, பேச்சுதான். பெஞ்சுல இருந்த, பேங்க்ல வேலை பாக்குற யாழ்ப்பாணத்துத் தம்பி டூரிஸ்ட் ஃபேமிலியப் பத்தி எடுத்தாரு. 2025 மே மாசம் வந்த படம், அபிஷன் ஜீவிந்த்னு ஒரு பொடியனோட மொதப் படம், சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இங்கத்த பொருளாதாரப் பிரச்சினையில கடல் தாண்டி ராமேஸ்வரம் போய் எறங்குவாங்க. "படம் நல்லம், ஆனா எங்கட தமிழ் கொஞ்சம் இடிக்குது அண்ணா"ன்னாரு பேங்க் தம்பி.

மூலையில பிளேன்டீ குடிச்சிக்கிட்டிருந்த ஒரு தாத்தா, கோட்டும் மப்ளருமா, "உங்க தமிழாச்சும் இடிக்குது தம்பி, நம்ம மலையகத் தமிழ் அதுல இருந்துச்சா?"ன்னாரு.

இது எனக்கும் பட்ட விஷயம். ஒருதடவ பழனிக்குப் போயிட்டு மெட்ராஸ் வந்து ஆட்டோ ஏறுனேன், பேச்சுவாக்குல சிலோன்னு சொன்னேன், டிரைவர் நம்பவே இல்ல. "சிலோன்காரங்க ஓம், ஓம்னு பேசுவாங்க சார், நீங்க மதுரப் பக்கம் தான, சும்மா சொல்லாதீங்க"ன்னாரு. பாஸ்போர்ட்ட எடுத்துக் காட்டுன பொறகும் ஒரு மாதிரிதான் பாத்தாரு. படத்துல அந்தக் குடும்பம் வாயத் தொறந்தா மாட்டிக்கிருவோமேன்னு பேச்ச ஒளிச்சு வைக்கிது, எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்து ஒரு குடும்பம் போயிருந்தா அந்தத் தொல்லையே இல்ல, எந்தப் போலீஸுக்கும் சந்தேகம் வராது, பத்து நிமிஷத்துல படம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். இதச் சொன்னதும் கடையே சிரிச்சிச்சு, பேங்க் தம்பி பெஞ்சத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு.

தாத்தா சிரிக்கல. "எங்கக்காவும் அந்த ராமேஸ்வரத்துலதான் எறங்குனா. 64ல இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்துல பேர் குடுத்து, இந்தா இந்த ஸ்டேஷன்லதான் ரயிலேத்தி விட்டோம், தலைமன்னார்ல கப்பல். கடைசில எங்க போனா? கூடலூரு. அங்கயும் தேயிலைதான். இங்க புடுங்குன கொழுந்த அங்க போய் புடுங்குனா"ன்னுட்டு மிச்ச டீய ஒரே மடக்கா குடிச்சாரு. நம்ம மலையகத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு அன்னைக்கு அந்த ஒப்பந்தத்துல எழுதுன கணக்கு 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அப்பதான் இருட்டுக்குள்ளருந்து அண்ணே கத்துனாரு, "டேய், லட்சுமிய காணோம்டா!"

கடை கலகலத்துப் போச்சு. சின்னப் பையன் ஒண்ணும் வெளங்காம பின்பக்கம் இருந்து, "தகரம் ஒழுகுதுண்ணே, நான்தான் அடியில வச்சேன்"ங்கறான். ஆட்டோ தம்பி மட்டும் அரைத் தாடியோட, "கத முழுக்கத் தெரிஞ்ச பொறகு எனக்கென்ன சிரிப்பு"ன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டான்.

ஒரு மணி நேரம் ஆகியும் கரண்ட் வரல. அண்ணே ஒரு முடிவுக்கு வந்தாரு. "தம்பி, மெய்யழகன் படத்த ரிலீஸ் ஆன பொறகும் 18 நிமிஷம் வெட்டுனாங்கல்ல, அந்த மாதிரி லேசா ஒரு ட்ரிம் போட்டு விட்டுர்றேன்." எனக்கு அந்தப் படம் வெட்டாமலே புடிக்கும், ராத்திரி பூரா ரெண்டு பேரு உக்காந்து பேசுறத விட வேற என்ன வேணும். ஆனா தலைய அவரு கையில குடுத்துட்டு எங்கருந்து எதிர்த்துப் பேசுறது. போன் டார்ச்ச ஆட்டோ தம்பி புடிச்சான். அவன் பேங்க் தம்பியோட லோகேஷ் பெருசா நெல்சன் பெருசான்னு வாதாடிக்கிட்டே புடிச்சதுல வெளிச்சம் ஒரு நேரம் என் காதுல, ஒரு நேரம் கூரையில, ஒரு நேரம் தாத்தா மூஞ்சில. கத்தரி மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு.

கம்பளித் தொப்பியப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்ல தொப்பியக் கழட்டச் சொல்லி, லாம்ப தூக்கிப் புடிச்சு என்னைய ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க.

"முன்பாதி பரவால்லங்க. பின்பாதிதான் சொதப்பல்."