இருபத்தொன்றா, நாற்பத்திரண்டா?

புற்றுநோய்க் கட்டியைப் புரோட்டான் கதிரால் தாக்கும் சிகிச்சைக்கான திட்டம் ஒன்றில் ஒரு கதிரின் அடுக்குகளைப் பார்ப்பது, திட்ட மென்பொருளின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஒரு சொடுக்கில் முடிந்துவிடும் வேலை. அந்த மென்பொருள் இல்லாமல், தண்டையார்பேட்டையில் வீட்டு மொட்டைமாடி அறையில் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கு இரண்டு இரவுகள் பிடித்தன. மருத்துவ இயற்பியல் படிக்கும் எனக்கு, எங்கள் துறையில் மூத்தவரான அக்கா ஒருவர் பயிற்சிக்காக, மருத்துவப் படங்களையும் சிகிச்சைத் திட்டங்களையும் சேமிக்கும் பொது வடிவமான டைகாமில் ஒரு கோப்பைத் தந்திருந்தார். அது நோயாளியின் திட்டமன்று. தண்ணீர்ப் பெட்டிக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து இருபது வரை நிற்கும் ஒரு கனசதுரத்துக்கான திட்டம்.

மெல்லிய கதிரைப் புள்ளி புள்ளியாக நகர்த்திச் செலுத்தும் பென்சில் கதிர் முறையில் ஆற்றலை மாற்றினால் கதிர் எட்டும் ஆழம் மாறும். ஓர் ஆற்றலில் வைக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது ஓர் அடுக்கு. தண்ணீரில் 117 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டரும், 172 ஏறக்குறைய இருபதும் எட்டும். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி என்று அக்கா சொல்லியிருந்ததால், 21 அடுக்குகளை எதிர்பார்த்து, டைகாம் கோப்புகளைப் படிக்கும் பைடைகாம் நிரலில் கோப்பைத் திறந்தேன். வந்தவை 42 கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது கதிர் செலுத்தலின் படிகளைக் குறிக்கும் பதிவுகள். ஒவ்வோர் ஆற்றலும் இரண்டிரண்டு முறை வந்திருந்தது. இரண்டாவதில் எடைகள், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு கதிர் என்பதைச் சொல்லும் எண்கள், அனைத்தும் பூஜ்யம். கோப்பு கெட்டுவிட்டதென்றே முடிவு கட்டி, இரவு பத்து மணிக்கு அக்காவை அழைத்தேன்.

“தம்பி, அது அப்படித்தான் இருக்கும். முதல்ல வர்றது அடுக்கோட தொடக்கம், ரெண்டாவது முடிவு. எடையை முதல்ல இருந்து எடு, முடிவுல கூட்டெடையைப் பாரு” என்றார்.

அதன்பிறகு கண் திறந்தது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளியும் அதுவரை செலுத்தப்பட்ட கூட்டெடையைத் தாங்கி நிற்கிறது. ஒரு ஜோடியின் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் கிடைப்பது, அந்த அடுக்கின் புள்ளி எடைகளின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இதைவிட நல்ல சரிபார்ப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. ஓர் அடுக்கின் இடப் பட்டியலில் 1058 எண்கள் இருந்ததால் அத்தனை புள்ளிகள் என்று எண்ணி வரைந்தபோது, திரையில் கோணல்மாணலான கோலம் ஒன்று விழுந்தது. எக்ஸ், ஒய், எக்ஸ், ஒய் என்று இணையிணையாக எழுதப்பட்டிருப்பதை அறிந்து பிரித்ததும் 529 புள்ளிகளும் ஒழுங்கான கட்டமாக அமர்ந்தன. நிறத்தில் எடையைக் காட்டியபோது விளிம்புகள் அடர்ந்து தெரிந்தன. ஆழமான அடுக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை சுமந்திருந்தது. அதன் பின்னிருக்கும் ஆழத்திலிருந்து உதவிக்கு வர வேறு அடுக்கு இல்லையே.

எடை என்பது, இயந்திரம் செலுத்தும் கதிரின் அளவை எண்ணும் அலகான மானிட்டர் யூனிட் அல்ல. கதிரின் மொத்த மானிட்டர் யூனிட் அந்தக் கதிரின் பகுதியில் இராது, சிகிச்சைத் தவணை பற்றிய பகுதியில் இருக்கும். இதைத் தேடவே ஒரு மணி நேரம் போயிற்று. அந்த மொத்தத்தைப் புள்ளியின் எடையால் பெருக்கி, கதிரின் இறுதிக் கூட்டெடையால் வகுக்க வேண்டும். என் கோப்பில் மொத்தம் 500, இறுதிக் கூட்டெடை 12000, எடை 1.2 உள்ள புள்ளிக்குக் கிடைப்பது 0.05 யூனிட்.

மறுநாள் அச்சிட்ட தாள்களை அக்காவிடம் நீட்டினேன். அவர் படங்களைப் புரட்டக்கூட இல்லை. நேரே கடைசி வரிக்குப் போய், 42ஆம் கட்டுப்பாட்டுப் புள்ளியின் கூட்டெடையில் 12000 இருக்கிறதா என்று பேனாவால் தொட்டுப் பார்த்தார். இருந்தது.