திமிசுக்கட்டை

"என்னப்பா வேலை பார்க்கிற?" என்று யாராவது கேட்டால் "சைக்கிள் ஓட்டுறேன்" என்பேன். கூரியரா என்பார்கள். மண்மேட்டில் வேகமாக ஏறி, சைக்கிளோடு காற்றில் எழும்பி, எதிர்மேட்டில் இறங்குவது, அதற்குக் காசும் தருகிறார்கள் என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிடும். பிஎம்எக்ஸ் டர்ட் ஜம்பிங் என்று பெயரைச் சொல்லிப் பிரயோசனமே இல்லை.

ஒன்பது வருடத்தில் நான் ஹேண்டில்பாரைவிட அதிகம் பிடித்தது மண்வெட்டியை. ஐந்தடி உயரம் எழும்பினால் காற்றில் இருப்பது ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மீதிப் பொழுதெல்லாம் மண் வேலை.

கிருஷ்ணகிரி பக்கத்தில் தாத்தாவின் மாந்தோப்பில்தான் முதல் மேட்டைப் போட்டேன். காய்ந்த செம்மண்ணைக் குவித்து மேலே தண்ணீர் தெளித்தேன். பார்க்க வழவழவென்று அழகாக இருந்தது. மூன்றாவது தாவலில் நுனி பொலபொலவென்று சரிந்து முன்சக்கரம் கவிழ்ந்தது. காறை எலும்பு முறிந்தது. கட்டோடு நான் திண்ணையில் கிடந்தபோது தாத்தா அந்த மேட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, கையில் இறுக்கி, விரித்துக் காட்டினார்.

"உதிருது பாரு கண்ணு. இதுல வரப்பே நிக்காது, நீ வண்டி ஏத்துறியா?"

அப்புறம் கீழ்க்காட்டுக் களிமண்ணைச் செம்மண்ணோடு கலந்து, சாயங்காலம் தண்ணீர் விட்டு, சாக்குப் போட்டு மூடி, விடிந்ததும் மண்ணை இறுக்குகிற திமிசுக்கட்டையால் இடிக்கச் சொன்னார். பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. இதுவரை எனக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைத்ததில்லை.

எழும்பும் மேட்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது இறங்கும் சரிவை. சரிவில் இறங்கினால் விழுகிற வேகம் முன்னோக்கி ஓடிவிடும். சமதரையில் இறங்கினால் அத்தனையும் கணுக்காலுக்கு வரும்.

ஒருமுறை பெங்களூரில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எம்சாண்டைக் கொட்டி மேடு என்றார்கள். ஏற மாட்டேன் என்றேன். பயந்தாங்கொள்ளி என்றார்கள், பேசிய பணமும் வரவில்லை. இங்கிலாந்துக்காரர் ஸ்டீபன் முர்ரே எக்ஸ் கேம்ஸ் என்கிற சாகச விளையாட்டுப் போட்டியில் 2001இல் டர்ட் பிரிவில் தங்கம் வாங்கியவர். 2007இல் பால்டிமோரில் இரட்டைப் பின்குட்டிக்கரணம் முயன்று கழுத்தில் அடிபட்டு, உடம்பு அசையாமல் போனது. அவ்வளவு தேர்ந்தவருக்கே அப்படி. அந்தப் பெயரை அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை.

மாமாவுக்கு வேறு கவலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது வேலை வாங்கேன் என்பார். ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் 2008இல் வந்தது, செயற்கைச் சரிவுகளில் சாகசம் காட்டுகிற பார்க் பிரிவு டோக்கியோவில் வந்தது, எங்கள் மண்மேடு வரவில்லை என்றால், "அப்ப அந்தப் பார்க்கையே ஓட்டு" என்பார். சரிதான்.

இப்போது முழங்கால் முன்போல இல்லை. ஓசூர் பக்கம் விடுதிக்காரர்கள் சைக்கிள் தடம் போடக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் போனபோது நான் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பார்ப்பதைக் கண்ட ஜேசிபி அண்ணன், "என்ன சார், சாப்பிடவா?" என்றார். பொக்லைன் பக்கெட்டால் தட்டினால் போதாதா என்பது அவர் கட்சி. நுனிக்கு அது ஆகாது. மறுநாள் வீட்டிலிருந்து தாத்தாவின் திமிசுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.