அந்தக் கதவை ஏன் வெச்சாங்க

"ஏன்னா விமானத்துக்கு கீழ வேலை பாக்குறவங்களை டிசைன் பண்ணவங்க நம்பலை சார்." வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, ப்ராஜெக்ட் பண்ணின அந்தப் பொண்ணு சொன்ன பதில் இதுதான். நான் கேட்டது ரொம்ப சாதாரண கேள்வி, ரஷ்ய ஃபைட்டர் விமானம் மிக்-29-ல ஏர் இன்டேக்குக்கு, அதாவது இன்ஜின் காத்து இழுக்கற வாய்க்கு, கதவு எதுக்குன்னு. வைவால அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் காத்துட்டே இருந்தேன், ஏன்னா மத்ததெல்லாம் யார் வேணா படிச்சுட்டு வந்து சொல்லிடலாம், இந்தக் கதவு நான் ஏர்ஃபோர்ஸ்ல இன்ஜின் வேலை பாத்தப்ப வருஷக்கணக்கா தினமும் பாத்த கதவு. அவ "மோசமான ரன்வேல இறங்கணும், அதுக்காக"ன்னு சொல்லுவா, நானும் ரெண்டு வார்த்தை சேத்து சொல்லலாம்னு இருந்தேன். வந்த பதில் வேற.

நான் சொன்னது: "ஸ்பேனர் பிடிச்சுப் பாக்காதவங்க நம்பிக்கையைப் பத்தி பேசக்கூடாதும்மா." வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் தலையைத் தூக்கிப் பாத்தார். வைவா மார்க்ல 6 குறைச்சேன். குறைச்சதுக்கு காரணம் எழுத ஒரு இடம் இருக்கும், அதுல "கருத்துக்கு ஆதாரம் போதாது"ன்னு எழுதினேன். ஆறு மாசம் ஆச்சு, இன்னும் அந்த வரி மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

அவ ப்ராஜெக்ட் ரஷ்யாக்காரன் அமெரிக்காக்காரன் ஃபைட்டர் டிசைன் ஒப்பீடு, மிக்-29, எஃப்-16 ரெண்டும். நல்லாவே பண்ணியிருந்தா, அதை முதல்லயே சொல்லிடறேன். எஃப்-16 ஒத்தை இன்ஜின், வேணும்னே நிலையில்லாத மாதிரி டிசைன் பண்ணி கம்ப்யூட்டர் பிடிச்சு நிறுத்துது, மிக்-29 ரெட்டை இன்ஜின், பழைய மாதிரி ஹைட்ராலிக் கன்ட்ரோல், ரெண்டும் 9ஜி, அதாவது பூமி இழுக்கறதைப் போல 9 மடங்கு விசை, தாங்கும். ஜெர்மனி ஒண்ணான பிறகு கிழக்கு ஜெர்மனியோட 24 மிக்-29 மேற்கு கைக்கு வந்து, அதை எஃப்-16 கூட பழக்கச் சண்டைல விட்டப்ப, கிட்டக்க வந்துட்டா ஹெல்மெட்ல குறி பாத்து ஆர்-73 ஏவுகணை விடற மிக் கையே ஓங்கியிருந்துச்சு, தூரத்துல ரேடார்னு வந்தா கதை தலைகீழ். இதெல்லாம் தெளிவா சொன்னா. அப்புறம்தான் அந்தக் கதவு ஸ்லைடு வந்துச்சு.

அந்தக் கதவை பாக்காதவங்களுக்கு ஒரு வரி. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் மிக்-29-ல கீழ இருக்கற இன்டேக் வாயை ஒரு கதவு மூடிக்கும், இறக்கையோட வேர்ப்பகுதில மேல்பக்கம் வரிசையா ஜன்னல் மாதிரி திறந்து அது வழியா இன்ஜின் மூச்சு விடும். ஓடி வேகம் பிடிச்சு கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் வேகத்துல கீழ் கதவு திறக்கும். ஆக தரையில இருக்கற கல்லு, ஆணி, நட்டு எதுவும் உள்ள போகாது. எஃப்-16-ல இந்த ஏற்பாடே கிடையாது, மோவாய்க்கு கீழ பெரிய வாய், எப்பவும் திறந்தே இருக்கும், தரையில இருந்து ரொம்ப உயரமும் இல்லை. அதுக்கு முன்னாடி யாராவது நின்னா ஆளையே இழுத்துடும். அதனால அங்க தினமும் ஆளுங்க தோளோட தோள் உரசற மாதிரி வரிசையா நின்னு குனிஞ்சு தரையைப் பாத்துட்டே நடக்கணும், எஃப்.ஓ.டி வாக்னு பேரு, எஃப்.ஓ.டின்னா இன்ஜினுக்குள்ள போயிடக்கூடிய கல்லு, துண்டு, குப்பை. நாங்களும் நடப்போம். எங்ககிட்ட கதவும் உண்டு, நடையும் உண்டு.

கோவத்துல சொன்னாலும் நான் சொன்னது தப்பில்லைன்னு ரொம்ப நாள் எனக்கு நானே வாதாடிட்டு இருந்தேன். சோவியத்காரன் கணக்கு போர்க்கால கணக்கு. முதல் நாளே ரன்வேல குண்டு விழும், சிமென்ட் பேந்து கல்லாக் கிடக்கும், கூட்டிப் பெருக்க நேரம் இருக்காது, அப்பவும் பிளேன் கிளம்பணும். ரஷ்யாக்காரனோட இன்னொரு ஃபைட்டர் சுகோய் 27 வரிசைலயும் தரையில இருக்கும்போது இன்டேக்குக்குள்ள ஒரு வலை எழும்பி நிக்கும், அதுவும் இதே கணக்குதான். இதுல நம்பிக்கை எங்க வந்துச்சு? அமெரிக்காக்காரனுக்கு சுத்தமான பெரிய பேஸ் இருக்கும்ங்கற தைரியம், இவனுக்கு அது இருக்காதுங்கற பயம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி சொல்லி முடிச்சதும் அடுத்த நினைப்பு வரும். அமெரிக்கா 1973-ல கட்டாய ராணுவ சேவையை விட்டுட்டான், அதுக்கப்புறம் விமானத்துக்கு கீழ நிக்கறவன் இதையே தொழிலா எடுத்து வந்தவன். சோவியத்ல மேல ஒரு டெக்னிஷியன் ஆபீசர் இருப்பார், கூடமாட வேலை பாக்குற மெக்கானிக் பசங்க ரெண்டு வருஷ கட்டாய சேவைக்கு வந்த சின்னப் பசங்க, கத்துக்கறதுக்குள்ள ஊருக்குப் போயிடுவாங்க. அவங்க கையில ஒரு விமானத்தைக் குடுக்கணும்னா டிசைன் பண்றவன் என்ன பண்ணுவான்? அவங்க தப்பு பண்ணாலும் தாங்கற மாதிரிதான் பண்ணுவான். கஷ்டமான வேலையை பேஸ்ல வெச்சு பண்ணாம இன்ஜினை மொத்தமா கழட்டி ஓவர்ஹாலுக்கு அனுப்பச் சொல்லுவான். அந்தப் பொண்ணு இதைத்தானே ஒரே வரில சொன்னா. ஆதாரம் போதாதுன்னு எழுதினவன் நான்.

இதையே இன்னும் யோசிச்சா நேர்கோட்டுல நிக்க மாட்டேங்குது. கீழ இருக்கறவனை நம்பாத அதே ரஷ்யாக்காரன் பைலட்டை நம்பியிருக்கான். மிக்-29-ல ஒரு லிமிட் வரைக்கும் பைலட் கையில இருக்கற ஸ்டிக் எதிர்த்துத் தள்ளும், அதுக்கும் மேல பைலட் பலமா இழுத்தா விட்டுக்கொடுத்துடும், உன் உயிர், உன் முடிவுன்னு. எஃப்-16-ல கம்ப்யூட்டர் 9ஜி-க்கு மேல விடாது, நீ எவ்வளவு இழுத்தாலும் சரி. அப்போ யார் யாரை நம்பினாங்க? ஆனா அதே ரஷ்ய பைலட்டுக்கு எங்க திரும்பணும், எப்ப ரேடார் போடணும்னு தரையில இருந்து ஒருத்தர் சொல்லிட்டே இருப்பார், அமெரிக்காவுல அந்த முடிவுல பாதி பைலட் கிட்ட. ஒவ்வொருத்தனும் ஒரு இடத்துல மனுஷனை நம்பி இன்னொரு இடத்துல நம்பாம விட்டிருக்கான். எது சிறந்ததுன்னு கேக்கற பசங்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்.

கதவு எல்லாத்தையும் காப்பாத்தும்னும் இல்லை. 1989 ஜூன்ல பாரிஸ் விமானக் கண்காட்சில மிக்-29 மெதுவா, தாழ்வா பறந்துட்டு இருந்தப்ப ஒரு இன்ஜினுக்குள்ள பறவை போயிடுச்சு. வானத்துல கதவு திறந்துதானே இருக்கும். பைலட் அனடோலி க்வோச்சூர், தரையில மோத ரெண்டு மூணு செகண்ட் இருக்கும்போது ஆளோட வெளிய தூக்கி எறியற கே-36 சீட்டோட வெளிய வந்து பிழைச்சுட்டார். அந்த சீட்டை அப்புறம் அமெரிக்காக்காரனே வாங்கி டெஸ்ட் பண்ணிப் பாத்தான். தரையில ஆளை நம்பாதவன் சீட்டுக்கு எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருங்க. பின்னாடி வந்த, கப்பல்ல இருந்து பறக்கற மிக்-29கே-ல அந்த மேல் ஜன்னலை எல்லாம் எடுத்துட்டு, கதவுக்குப் பதிலா வலை வெச்சு, மிச்சமான இடத்துல எரிபொருள் ரொப்பிட்டான். அவனே கைவிட்ட கதவுக்காகத்தான் நான் ஒரு சின்னப் பொண்ணு கிட்ட சண்டை போட்டேன்.

ஏன் அவ்வளவு சுருக்குன்னு பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

2003, குளிர்காலம், பேஸ் பேர் வேண்டாம். இன்ஜின் ஃபிட்டரா இருந்தேன். அன்னிக்கு காலைல ஒரு விமானத்துல லாக்கிங் வயர் போட்டேன். தெரியாதவங்களுக்கு, நட்டு போல்ட்டு அதிர்வுல கழறாம இருக்க மெல்லிசு ஸ்டீல் கம்பியை முறுக்கிக் கட்டுவோம், கடைசில மீதி வாலை பிளையர்ல கட் பண்ணுவோம். கட் பண்ண துண்டு ஒவ்வொண்ணும் பைக்குள்ள போகணும். விரல் மரத்துப்போற குளிர், கையுறையைக் கழட்டி கழட்டி மாட்டிட்டு இருந்தேன். டூல்ஸ் எல்லாம் எண்ணிப் பாத்தாச்சு, சரியா இருந்துச்சு. கம்பித் துண்டை யார் எண்ணுவா. எஃப்.ஓ.டி வாக் முடிஞ்சதுன்னு கையெழுத்தும் போட்டேன், நடந்தேனா, ஆமா நடந்தேன், முழுசா நடந்தேனான்னு கேட்டா பனில கண்ணு தெரியற தூரம் நடந்தேன்.

தரையிலயே இன்ஜினை ஓட்டிப் பாக்கற கிரவுண்ட் ரன் முடிஞ்சு இன்ஜின் அடங்கினதும் கிட்டப் போனா, இன்டேக்குக்கு நேர் கீழ கான்கிரீட்ல ரெண்டு இன்ச் கம்பி, ஒரு முனை முறுக்கு, ஒரு முனை பிளையர் கடிச்ச தட்டை வெட்டு. பாத்ததுமே என்னோடதுன்னு தெரிஞ்சிடுச்சு, அவங்கவங்க முறுக்கு அவங்கவங்களுக்குத் தெரியும். ரெண்டு இன்ஜினும் முழு மூச்சுல ஓடிட்டு இருந்தப்ப அது அங்கதான் கிடந்திருக்கு. கதவு மூடியிருந்ததால கிடந்த இடத்துலயே கிடந்துச்சு. திறந்த வாயா இருந்திருந்தா கம்ப்ரெசர் பிளேடு போயிருக்கும், ஒரு இன்ஜின் போயிருக்கும்.

கூட இருந்த சார்ஜன்ட் திருநெல்வேலிக்காரர், நான் குனிஞ்சு எடுத்ததைப் பாத்துட்டார். "கதவு மூடித்தானல இருந்துச்சு? வுடுல"ன்னார். கம்பியைப் பாக்கெட்ல போட்டேன். ரிப்போர்ட் பண்ணலை. பண்ணியிருந்தா எனக்கு ஒரு சார்ஜ், அவருக்கும் ஒரு பேச்சு, அவர் ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருந்துச்சு. அவருக்காகத்தான் சும்மா இருந்தேன்னு பல வருஷம் சொல்லிக்கிட்டேன், இப்பவும் அதுல பாதி உண்மை இருக்கு.

அதுக்கப்புறம் 14 வருஷம் சர்வீஸ் பண்ணேன், ஒரு துண்டு விட்டதில்லை, முட்டி போட்டுத் தேடியிருக்கேன், ஜூனியர் பசங்களை அதுக்காக திட்டியிருக்கேன். நாங்க ரெண்டு வருஷத்துக்கு வந்து போற பசங்க இல்லை, இருபது வருஷம் இதுலயே இருக்கறவங்க, எங்களுக்காக யோசிச்சு செஞ்ச விமானமே இல்லை அது, வேற ஒரு நாட்டோட பசங்களுக்காக செஞ்சது, அதை நாங்க அவங்களை விட நல்லா வெச்சுக்கிட்டோம்னு எனக்கு இன்னும் பெருமை உண்டு. ஆனா அந்த ஒரு காலைல, டிசைன் போட்டவன் எந்த ஆளை மனசுல வெச்சு அந்தக் கதவைப் போட்டானோ, அந்த ஆள் நான்தான். பொண்ணு அதை என் மூஞ்சிக்கு நேரா சொன்னா, தெரியாமலே.

6 மார்க்கைத் திருப்பிக் குடுக்க வழி கிடையாது, யுனிவர்சிட்டிக்குப் போயாச்சு. அவ பாஸ் ஆயிட்டா, நல்ல மார்க்குதான். கூப்பிட்டு நீ சொன்னதுல பாதி சரிம்மான்னு சொல்லலாம்னு நினைப்பேன், அப்புறம் அந்தப் பாதி எதுன்னு கேட்டா கம்பிக் கதை வரைக்கும் போகணுமேன்னு விட்டுடுவேன். ரன்வே காரணமும் உண்மை, அதையும் அவ தெரிஞ்சுக்கணும், நான் மார்க் குறைச்சது முழுசா தப்புன்னும் என்னால சொல்ல முடியலை.

அன்னிக்கு வைவா முடிஞ்சு லேப்டாப் வயரைச் சுருட்டிட்டே அவ இன்னொண்ணும் கேட்டா, கோவமே இல்லாம. "எஃப்-16-ல பாத்துக்கற மெக்கானிக் பேரை பிளேன் மேலயே பெயின்ட்ல எழுதுறாங்க சார். உங்க பேர் எதுலயாவது இருந்துச்சா?"

"எஃப்-700 மெயின்டனன்ஸ் புக்ல இருக்கும்மா. ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து போடுவோம்."

"அதை யாரு சார் பாப்பாங்க?"

"ஏதாவது ஆச்சுன்னா பாப்பாங்க"ன்னேன். அந்தக் குளிர்கால காலையோட பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்கு. ஒண்ணும் ஆகலை, அதனால அந்தப் பக்கத்தை யாரும் புரட்டலை.