கல் ஒட்டும் வேலை: இதுவரை கைவந்தது

பட்டு நூல் வளையல், உலோகத் தகடு வைத்த கம்மல், பருத்தித் துணிப் பை என்று மூன்றிலும் அலங்காரக் கல் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது. கல் எவ்வளவு நாள் நிற்கும் என்பது பசையை விட அடிப்பரப்பைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

கம்மலில் ஆரம்பிக்கிறேன். வழவழப்பான தகட்டில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகு கை படாமல் வைத்துக்கொண்டேன். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், கல் கழன்று வர.

அப்புறம், ஒரே தகட்டில் பாதிக் கற்களை இன்ஸ்டன்ட் க்ளூவிலும் மீதியை பி-7000 என்ற கைவினைப் பசையிலும் ஒட்டிப் பார்த்தேன். இன்ஸ்டன்ட் க்ளூ நொடியில் பிடித்தது. ஆனால் காய்ந்ததும் கற்களைச் சுற்றி வெள்ளையாக மங்கல் படிந்தது. பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகிப் படிவதால் வருவது அது. தகட்டைக் கொஞ்சம் வளைத்தேன், அந்தப் பக்கத்துக் கற்கள் பட்டென்று தெறித்தன. பி-7000 காய்ந்த பிறகும் வளைந்து கொடுப்பதால் அந்தப் பாதி அப்படியே நின்றது. முழுசாக இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதுவரை தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்!

பசைத் துளியின் அளவு கைப்பழக்கத்தில்தான் வரும். தட்டை அடிக் கல்லில் எஸ்எஸ்16 என்ற அளவு எண் என்றால் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர். அதற்குக் கல்லின் பாதி அகலத்துக்கு ஒரு துளி வைத்து, கல்லை நேராக இறக்கி மெதுவாக அழுத்தினால், விளிம்பைச் சுற்றி மயிரிழை அளவுக்குப் பசை எட்டிப் பார்க்கும். அந்த மெல்லிய வளையம்தான் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் வழிந்தால் உடனே துடைக்கக் கூடாது, இழுபட்டுக் கல்லின் முகமெல்லாம் பூசிக்கொள்ளும். பாதி காய்ந்ததும் பல்குச்சியால் உருட்டினால் தனியாக வந்துவிடுகிறது.

கற்களைத் தட்டில் கொட்டி லேசாகக் குலுக்கினால் பெரும்பாலானவை முகம் மேலே வரத் திரும்பிக்கொள்ளும். மெழுகு முனைப் பென்சிலால் தொட்டு எடுப்பது எளிது. கல்லுக்கு அடியில் உள்ள வெள்ளிப்பூச்சு கீறப்பட்டால் அந்த இடம் கறுத்துத் தெரியும், அதனால் இடுக்கியை ஒதுக்கிவிட்டேன்.

வளையலில் பட்டு நூல் பசையை உறிஞ்சிக் கறை காட்டும். அங்கே ஸ்டோன் செயினைத்தான், அதாவது சின்ன உலோகக் கிண்ணங்களில் கல் பதித்துக் கோத்த சங்கிலியைத்தான் வைத்தேன். இரண்டு கிண்ணங்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் அதே நிற நூலை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கியதால், பசை இரண்டு முனைகளுக்கு மட்டுமே தேவைப்பட்டது.

துணிப் பைக்கு ஹாட்ஃபிக்ஸ் கல், அதாவது அடியிலேயே பசை பூசி வருவது. அந்தப் பசை சூட்டில் உருகித் துணி இழைக்குள் இறங்குகிறது. நன்றாக ஆறிய பிறகே நகத்தால் நெம்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கூம்பு அடிக் கல். அதற்கு நான்கு நகம் (கல்லைப் பிடிக்க மடக்கும் உலோக முனை) உள்ள கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன். எதிரெதிர் நகங்களாக மடக்கினால் கல் சாயாது என்பதால் அந்த வரிசையிலேயே செய்யப் போகிறேன்.